சிமுலேற்றர் வானில் விமானங்கள் காணாமற்போவது ஏன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளான பறப்புச் சிமுலேற்றரில், கணினி இயக்கும் மேலதிக விமானங்களைச் சேர்ப்போருக்குப் பெரிய தலையிடி, பிழை நேர்ந்தாலும் மென்பொருள் வாய் திறக்காது என்பதுதான். எந்த எச்சரிக்கையும் திரையில் தோன்றாது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தின் தரிப்பிடம் வெறுமையாகக் கிடக்கும், அவ்வளவுதான். ஒரு விமானம் கண்ணில் பட வேண்டுமானால், அதன் மாதிரியுரு, அது எப்போது எங்கே பறக்கும் என்று கூறும் அட்டவணைக் கோப்பு, விமான நிலையத்தின் தரிப்பிட அமைப்பு ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பத்து விமான நிறுவனங்களின் தொகுப்புகளை ஒரே மூச்சில் நிறுவிவிட்டால், இவற்றில் எது எங்கே பிசகியது என்று கண்டுபிடிப்பது அநேகமாக முடியாத காரியம்.

2006 இல் வெளிவந்த மைக்ரோசொஃப்டின் எஃப்எஸ்எக்ஸ் சிமுலேற்றரை இன்னும் வைத்திருப்போர் முதலில் பார்க்க வேண்டியது அட்டவணைக் கோப்பின் வடிவத்தை. அதற்கு முந்திய பதிப்பான எஃப்எஸ் 2004 காலத்துப் பிஜிஎல் வகை அட்டவணைக் கோப்பு ஒன்றேனும் இயங்குநிலையில் இருந்தால், எஃப்எஸ்எக்ஸ் வடிவத்திலுள்ள மற்றப் போக்குவரத்துக் கோப்புகள் யாவும் செயலற்றுப்போகும். நேற்றுவரை வந்த விமானங்கள் இன்று ஒன்றுகூட வரவில்லை என்பதற்காகச் சிமுலேற்றரையே அழித்து மீள நிறுவுவது வீண்வேலை. ஏஐ ஃபிளைட் பிளானர் என்னும் இலவசச் செயலியைக் கொண்டு பழைய வடிவக் கோப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது விமான மாதிரியுருவின் விவரங்களைக் கொண்ட ஏர்கிராஃப்ட் சிஎஃப்ஜி கோப்பு. நிறப்பூச்சு ஒவ்வொன்றுக்கும் உரிய பகுதிகள் 0, 1, 2 என்று இடைவெளியின்றித் தொடர வேண்டும். 2 ஐ அழித்துவிட்டு 3 ஐ அப்படியே விட்டால், 3 உம் அதற்குப் பின்னுள்ளவையும் வாசிக்கப்படமாட்டா. டைட்டில் என்ற வரியில் உள்ள பெயரும் அட்டவணையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், அழகுக்காக அந்த வரியைத் திருத்துவோர் தம் விமானத்தைத் தாமே மறைத்துவிடுகிறார்கள்.

தரிப்பிட விடயத்தில் நம் விமான நிலையமே நல்ல எடுத்துக்காட்டு. சென்னையிலிருந்து 2019 நவம்பரில் அலையன்ஸ் எயார் தொடங்கிய சேவைக்கு வந்தது ஏடிஆர் 72. அதன் சிறகு விரிவு ஏறத்தாழ 27 மீற்றர். சிமுலேற்றரின் பலாலியில் உள்ள தரிப்பிடங்களின் ஆரை 13.5 மீற்றருக்குக் குறைவாக இருந்தால், அங்கிருந்து புறப்பட வேண்டிய ஏடிஆர் தோன்றாது. சென்னையிலிருந்து வருவதும் தரையிறங்கியபின் மறைந்துவிடும். அதற்காகச் சிறிய தரிப்பிடங்களின் ஆரையைக் கண்டபடி கூட்டுவதும் தவறே, ஏனெனில் அருகருகே நிற்பவற்றின் சிறகுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும். ஒரே நிலையத்துக்கு இரண்டு அமைப்புக் கோப்புகள் இருந்தால் விமானங்கள் புல்தரையிலும் நிற்கக்கூடும். புதிய காட்சித் தொகுப்பை இடுமுன் பலாலிக்குரிய விசிசிஜே என்ற குறியீட்டைத் தேடி, பழைய கோப்பை அகற்றிவிடுவது நல்லது.

அட்டவணையைத் தாமே எழுதுவோர் இலங்கை நேரத்தை அப்படியே இட்டுவிடுகிறார்கள். கோப்பு கேட்பதோ உலகப் பொது நேரம். நாம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியிருக்கிறோம். காலை 10.30 ஐ 05.00 என்று மாற்றுவது இலகு. சிக்கல் நள்ளிரவுக்குப் பிந்திய பறப்புகளில்தான் உள்ளது: கட்டுநாயக்கவிலிருந்து திங்கள் அதிகாலை 3.00 மணிக்குப் புறப்படும் விமானத்தை ஞாயிறு 21.30 என்று எழுதாமல் திங்கள் 21.30 என்று எழுதிவிட்டால், அது ஒரு நாள் பிந்தியே பறக்கும். அட்டவணையின் ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு விழுக்காடும் உண்டு. சிமுலேற்றரின் போக்குவரத்து அளவை அதற்குக் கீழே வைத்திருந்தால் அந்தப் பறப்பு வராது. ஆனால் எல்லாமே வரட்டும் என்று 100 க்கு உயர்த்தினால், நெரிசலான நிலையங்களில் திரை திக்கும். முன்னது ஓடுபாதையை விட்டு விலகுமுன் அடுத்தது வந்துவிடுவதால், இறங்க வேண்டியவை திரும்பத் திரும்ப மேலெழும்.

மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேற்றர் 2020 இல் இவற்றுட் பலவற்றை ஏஐஜி, எஃப்எஸ்எல்டிஎல் போன்ற போக்குவரத்துத் தொகுப்புகளின் செயலிகளே பார்த்துக்கொள்கின்றன. அங்கே நேரும் வழமையான தவறு வேறு. போக்குவரத்தை உட்செலுத்தும் வெளிச்செயலியை இயக்கிக்கொண்டே, சிமுலேற்றரின் சொந்தப் போக்குவரத்தையும் நிறுத்தாமல் விடுவதால், ஒரே விமானம் இரட்டையாகத் தோன்றும். வெளிச்செயலியைப் பயன்படுத்தினால் உள்ளமைப்பை நிறுத்த வேண்டும். மாதிரியுருக்களை மட்டும் எடுத்துக்கொள்வோர் நேரலைப் போக்குவரத்தை இயக்கத்தில் விடலாம். தொகுப்புகள் பருமனானவை என்பதால், டேற்றாப் பொதியை நம்பியிருப்போர் தமக்குத் தேவையான நிறுவனங்களை மட்டும் ஏஐஜியில் தெரிவுசெய்து இறக்குவதே புத்திசாலித்தனம். சிமுலேற்றர் புதுப்பிக்கப்பட்டபின் இடையில் நின்றுபோனால், மேலதிகத் தொகுப்புகள் வைக்கப்படும் கொம்யூனிற்றி கோப்புறையில் உள்ளவற்றை அழித்துவிடாமல் வேறோர் இடத்துக்கு நகர்த்தி, ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும்.