ஆடிட்டர் ஆக வேண்டுமா? ப்ளஸ் டூவிலிருந்து சிஏ வரை

ஆடிட்டர் என்று நம் ஊரில் சொல்பவர் பெரும்பாலும் சிஏ (சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்) முடித்தவர்தான். இது கல்லூரிப் படிப்பு இல்லை. 1949-ல் தனிச்சட்டத்தின் கீழ் அமைந்த ஐசிஏஐ (இந்தியச் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்கள் நிறுவனம்) பாடம் தருகிறது, அதுவே தேர்வும் வைக்கிறது. ப்ளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்தவர்களும் சேரலாம். ஆனால் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ்வழியில் படித்தவர்கள் பாடத்தோடு சேர்த்து ஆங்கிலத்தில் எழுதியும் பழகுங்கள்.

படி 1: ஃபவுண்டேஷன்

ஐசிஏஐ தளத்தில் பதிவு செய்யுங்கள். மே தேர்வு என்றால் ஜனவரி 1-க்குள் பதிவு முடிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்ததுமே பதியலாம். தேர்வெழுத ப்ளஸ் டூ பாஸாகியிருக்க வேண்டும். நான்கு தாள்கள். அதில் கணிதமும் பொருளாதாரமும் அப்ஜெக்டிவ், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். குருட்டாம்போக்கில் டிக் அடிக்காதீர்கள்.

பி.காம். போன்ற வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதமோ, மற்றப் பட்டத்தில் 60 சதவீதமோ வாங்கியிருந்தால் நேரே அடுத்த படியான இன்டருக்குப் போகலாம்.

படி 2: இன்டர்

இரண்டு குரூப், குரூப்புக்கு மூன்று தாள்கள். ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 150 வேண்டும். 48, 49, 50 வாங்கியவர் ஃபெயில். 40, 40, 70 வாங்கியவர் பாஸ்! அதனால் உங்களுக்கு நன்றாக வரும் ஒரு தாளை 70-க்கு மேல் கொண்டுபோகப் பாருங்கள். கணக்குகளைப் படித்துப் பார்த்தால் போதாது, பேப்பரில் முழுசாகப் போட்டுப் பாருங்கள்.

படி 3: ஆர்ட்டிகிள்ஷிப்

இரண்டு குரூப்பும் முடித்து, கணினி (ஐடி) மற்றும் ஓரியண்டேஷன் பயிற்சியும் முடித்தபின், ஒரு சிஏவிடம் இரண்டு ஆண்டுகள் வேலைப் பயிற்சி. முதல் வேலை பெரும்பாலும் வவுச்சிங்தான். கேஷ் புக்கில் லாரி வாடகை 38,000 ரூபாய் என்று ஒரு வரி இருக்கிறது. ரசீது இருக்கிறதா, தேதி பொருந்துகிறதா என்று பார்ப்பீர்கள். ஒரே நாளில் ஒரே லாரிக்காரருக்கு ரொக்கமாக 35,000-க்கு மேல் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவைக் கழிக்க முடியாது என்பது அங்கேதான் மண்டையில் ஏறும்.

பெரிய நிறுவனத்தில் பெயர் கிடைக்கும்; ஆனால் ஒரே மாதிரி வேலையில் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. நடுத்தர ஆபீஸில் ஜிஎஸ்டி, வரி, ஆடிட் எல்லாமே கைக்கு வரும். என் ஓட்டு இரண்டாவதற்கு. இடையில் ஆபீஸ் மாறுவது எளிதல்ல, விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

படி 4: ஃபைனல்

மறுபடி ஆறு தாள்கள், அதே மதிப்பெண் விதி. கூடவே இணையவழியில் நான்கு மாட்யூல்கள் தேற வேண்டும். ஆர்ட்டிகிள்ஷிப் ஓடும்போதே இவற்றை முடித்துவிடுங்கள், கடைசியில் சேர்ந்துகொண்டால் மூச்சு முட்டும்.

பாஸானதும் ஐசிஏஐ உறுப்பினராக விண்ணப்பிக்க வேண்டும். கம்பெனி வேலைக்கு அது போதும். சொந்தமாக ஆபீஸ் போட்டு ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டுமென்றால், தொழில் நடத்தும் சான்றிதழும் வாங்க வேண்டும். அப்புறம் போடும் ஒவ்வொரு ஆடிட் கையெழுத்துக்கும் 18 இலக்க யுடிஐஎன் (அந்த ஆவணத்துக்கான தனி அடையாள எண்) எடுக்க வேண்டியிருக்கும்.