ரேஸ் கார் மாடலும் செட்டிநாட்டு வெயிலும்: பாடி மினுங்க என்னென்ன செய்ய வேண்டும்

ரேஸ் கார் மாடலில் பாதி வேலைக்கு மேல் பெயின்ட் வேலைதான். டாங்கியோ போர் விமானமோ கட்டுகிறவர்களுக்கு மங்கல் நிறமும் அழுக்கும் சின்னத் தவறுகளை மறைத்துக்கொடுக்கும். ரேஸ் கார் எதையும் மறைக்காது. பாடியில் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும்.

மினுக்கம் கடைசியாக அடிக்கும் நிறமற்ற கிளியரிலும் பாலிஷிலும் வருகிறது என்று நினைத்துத்தான் பலர் சறுக்குகிறார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புப் பூச்சைப் பல அடுக்காகப் பூசி, ஒவ்வொன்றையும் சமன் செய்த பிறகுதான் வெள்ளைக்கரு கலந்த கடைசிப் பூச்சைத் தேய்த்து மெருகேற்றினார்கள். அடிப்பூச்சு மேடுபள்ளமாக இருந்தால் மேலே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. மாடலிலும் அப்படித்தான். பிரைமர் காய்ந்த அன்றே மினுக்கம் பாதி முடிவாகிவிடுகிறது.

எந்த கிட்

முதல் கிட் (பாகம் பாகமாக வரும் பிளாஸ்டிக் மாடல்) 1/24 அளவில், மூடிய பாடி உள்ளதாக இருக்கட்டும். 4.8 மீட்டர் கார் இந்த அளவில் 20 சென்டிமீட்டர் வரும். கையில் பிடிக்க வசதி, பிரித்துப் பிரித்து அடிக்கவும் வசதி. டாமியாவின் போர்ஷே 956, மஸ்டா 787பி இரண்டும் இந்த அளவில் வந்தவை. 1991இல் பிரான்சின் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற 787பி ஆரஞ்சும் பச்சையும் சந்திக்கும் கார் என்பதால் மாஸ்கிங் (ஒரு நிறம் அடிக்கும்போது மற்ற இடத்தை டேப்பால் மறைப்பது) கைவந்த பிறகு எடுப்பது நல்லது. 1/20 ஃபார்முலா ஒன் கார்களில் சஸ்பென்ஷன் கம்பிகள் ஈர்க்கை விட மெல்லியவை, வெட்டும்போதே முறியும். முதல் காருக்குக் கறுப்பு நிறமும் வேண்டாம். தூசி, கீறல், அலை அத்தனையையும் கறுப்பு காட்டிக்கொடுக்கும்.

காரைக்குடியில் மாடல் பெயின்ட் கிடைக்காவிட்டாலும், கார் பெயின்ட் பொருள் விற்கும் கடையில் பாதிச் சாமான் கிடைத்துவிடும்: 600, 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட், முகமூடி. மாடலுக்கான லாக்கர் (வேகமாகக் காயும் பெயின்ட்), பிரைமர், டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப்படம்) ஒட்டும் திரவங்களைச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவழைக்க வேண்டும். தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். தரை வழியில்தான் வரும். ஆகவே பாடிக்கு வேண்டிய நிறம், தின்னர், கிளியர் மூன்றும் கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

கார் பெயின்ட் கடையில் விற்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை மாடல் பெயின்டில் கலக்கக் கூடாது. அதிலுள்ள கரைப்பான்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். மேற்பரப்பு வெடித்து நூல் நூலாகக் கோடு விழும். ஏர்பிரஷ் கழுவ மட்டும் அது போதும்.

வெட்டுவது, ஒட்டுவது, பட்டி பார்ப்பது

பாகங்களை, அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு வைத்தே வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் பெயின்ட் அந்த இடத்தில் பிடிக்காது.

நிப்பரால் இரண்டு வெட்டு. முதல் வெட்டில் 1 மில்லிமீட்டர் துண்டை விட்டுவிடுங்கள். பிறகு கத்தியால் சீவி 600 பேப்பரில் தேயுங்கள். ஒரே வெட்டில் ஒட்ட நறுக்கினால் பிளாஸ்டிக் இழுபட்டு வெள்ளைத் தழும்பு விழும். சில நேரம் பாகத்திலேயே குழி விழும்.

மெல்லிய சிமென்டை (பிளாஸ்டிக் ஒட்டும் நீர்த்த பசை) பிரஷ் நுனியில் எடுத்து இணைப்பில் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடிவிடும். அந்த நேரம் உங்கள் விரல் இணைப்பின் மேல் இருந்தால் சிமென்ட் விரலுக்கு அடியிலும் ஓடி, ரேகையை அப்படியே பிளாஸ்டிக்கில் பதித்துவிடும். கண்ணாடிப் பாகங்களுக்குச் சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி வெள்ளைப் புகையாகப் படியும், மழைக்கால ஈரத்தில் இன்னும் மோசம். வெள்ளைப் பசை போதும்.

பாடியில் மட்கார்டுகளின் மேல் மெல்லிய அச்சுக்கோடு ஓடும். கத்தியின் முதுகால் சுரண்டி, 600, 1000 என்று தேயுங்கள். உள்வாங்கிய குழிகளுக்குப் பட்டி பார்த்து, ஒரு நாள் விட்டுத் தேயுங்கள். அவசரப்பட்டால் பட்டி பிறகு சுருங்கி, கிளியர் அடித்த பின் குழி மறுபடி எட்டிப்பார்க்கும். கதவு, பானெட் கோடுகளைக் கோடு கீறும் ஊசியால் இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து ஆழமாக்குங்கள். பிரைமர், நிறம், கிளியர் என்று மேலே ஏறும் படலம் ஆழமில்லாத கோட்டை மூடிவிடும்.

பெயின்டுக்கு முன் பாடியைச் சேசிஸில் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். வீல்கள் மட்கார்டில் உரசுகின்றனவா, பின் இறக்கை நேராக நிற்கிறதா என்று இப்போதே தெரிந்துவிடும். பெயின்ட் முடிந்தபின் அழுத்திப் பொருத்தினால் ஓரங்கள் வெடிக்கும்.

எந்த நேரத்தில் அடிப்பது

இந்தப் பக்கத்து வேலையில் முக்கியமானது இதுதான். 500 ரூபாய்க்குள் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று மேசையில் இருக்கட்டும்.

கோடையில் மதியம் அடித்தால் துளிகள் பாடியில் விழும் முன்பே காற்றில் பாதி உலர்ந்துவிடும். மேற்பரப்பு சொரசொரப்பாகும் அல்லது ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி விழும். விடியற்காலை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். வெயில் ஏறத் தொடங்கி, வெக்கை வரும் முன் கிடைக்கும் இடைவெளிதான் சரி: ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கணக்கு தலைகீழ். காலையைத் தவிர்த்து, மழை விட்ட நாளில் பதினொன்றுக்கு மேல் அடியுங்கள். மானி 70 சதவீதத்தைத் தாண்டினால் லாக்கரைத் தொடாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அங்கே படிந்து, நிறம் வெளுத்துப் பால்படியும். லேசாகப் படிந்திருந்தால், காற்று உலர்ந்த வேறொரு நாளில் மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லியதாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கோடைக்கும் அதே தின்னர்தான் கைகொடுக்கும். வேகமாகக் காயும் தின்னர் இங்கே எந்தக் காலத்துக்கும் ஒத்துவராது.

பழைய வீட்டில் வளவுக்கு (நடுமுற்றம்) பக்கத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும், ஆனால் காற்றும் புறாச் சிறகும் செம்மண் தூசியும் சேர்ந்து வரும். தேய்க்கும் வேலையை அங்கே செய்யுங்கள். அடிப்பதற்கு, சன்னல் உள்ள உள்ளறை. சன்னலை நோக்கிக் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி. அரைமணி முன்பே தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் தூசி அடங்கும். ஆத்தங்குடிக் கல் என்றால் தடித்த அட்டை விரித்துவிடுங்கள். சிமென்டுக் கல் ஆகையால் நிறம் கலந்த தின்னர் சிந்தினால் கறை உள்ளே இறங்கிவிடும். துணி முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது, கரிமக் கார்ட்ரிட்ஜ் உள்ளது வேண்டும். பூசையறை விளக்கு, கொசுவர்த்தி எதுவும் அந்த அறையிலோ அடுத்த அறையிலோ எரியக் கூடாது. ஸ்ப்ரே டப்பாவை வெயில்படும் இடத்தில் வைத்தால் வெடிக்கும்.

பிரைமரும் நிறமும்

பிரைமர் மூன்று மெல்லிய பூச்சு, இடையே பத்துப் பத்து நிமிடம். காய்ந்ததும் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கீறல் தெரியும் இடத்தில் மறுபடி பட்டி, மறுபடி பிரைமர். குறை தீரும் வரை நிறத்துக்குப் போகாதீர்கள். கடைசியில் 1500 பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேயுங்கள்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளைப் பிரைமர். பளபளக்கும் வெள்ளிக்குக் கறுப்பு. கிட்டின் பிளாஸ்டிக்கே சிவப்பாக இருந்து நீங்கள் வெள்ளை அடிக்கிறீர்கள் என்றால், பிளாஸ்டிக்கின் சாயம் சில நாளில் மேலே ஏறி வெள்ளை இளஞ்சிவப்பாகும். பிரைமருக்கு மேல் ஒரு வெள்ளிப் பூச்சு கொடுத்துத் தடுத்துவிட்டு, அதன் மேல் வெள்ளை அடியுங்கள்.

ஏர்பிரஷ் 0.3 மில்லிமீட்டர் நாசில், அழுத்தம் 15 முதல் 18 பிஎஸ்ஐ, பெயின்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்றிலிருந்து இரண்டு பங்கு, தூரம் 10 சென்டிமீட்டர். கோடையில் தின்னரைக் கூட்டி, தூரத்தைச் சற்றுக் குறையுங்கள். மழைக்காலத்தில் கம்ப்ரசரின் நீர்ப்பொறியை அடிக்கடி திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாடியில் தண்ணீர் தெறிக்கும். ஸ்ப்ரே டப்பா என்றால் 20 சென்டிமீட்டருக்குக் குறையாத தூரம். எதில் அடித்தாலும் பாடிக்கு வெளியே தொடங்கி, பாடியைக் கடந்து வெளியே முடிக்க வேண்டும். பாடியின் மேலேயே நிறுத்தினால் அங்கே வழியும்.

முதல் பூச்சு தூவல் மட்டும். அடிநிறம் தெரியலாம், தெரியட்டும். பத்து நிமிடம் விட்டு நடுத்தரமாக இரண்டு. கடைசிப் பூச்சு, விளக்கின் பிம்பம் ஈரத்தில் தெரியும் அளவுக்கு. பிறகு பாடியைத் தொடாமல், பெரிய எவர்சில்வர் அண்டாவை மூன்று மரக்கட்டைமேல் கவிழ்த்து மூடிவிடுங்கள். தூசி விழாது, ஆவியும் வெளியேறும்.

ஒரு விதியை மறக்க வேண்டாம். லாக்கருக்கு மேல் எனாமல் அடிக்கலாம். எனாமலுக்கு மேல் லாக்கர் அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கி எழும்பும்.

டெக்கால்

மினுங்கும் பரப்பில்தான் டெக்கால் ஒட்ட வேண்டும். மங்கல் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி பூத்ததுபோல் தெரியும். போர்வெல் தண்ணீரில் உப்புக்கறை விழும்; பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வெதுவெதுப்பாக்கிப் பயன்படுத்துங்கள். 20 விநாடி நனைத்து வெளியே எடுத்து ஒரு நிமிடம் விட்டால் தாளிலிருந்து நகரும். பாடியில், டெக்கால் ஒட்ட உதவும் செட்டர் திரவம் தடவி, டெக்காலைச் சறுக்கிவிட்டு, இடம் சரியான பின் பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை ஒற்றியெடுங்கள். வளைவுகளில் அதன் மேல், டெக்காலை இளக்கும் சாஃப்டர் திரவம். தடவியதும் டெக்கால் சுருங்கிப் பயமுறுத்தும். தொடாதீர்கள், தானே படியும். தொட்டால் கிழியும். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் நேராக்கும் முன்பே காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

பழைய கிட்டின் டெக்கால் மஞ்சளித்திருந்தால், தாளைச் சன்னல் கண்ணாடியின் உட்புறம் படம் வெயிலைப் பார்க்கும்படி ஒட்டிச் சில நாள் விடுங்கள். மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடும். இதற்கு நம் ஊர் வெயிலைப் போல வேறில்லை.

கிளியர், மெருகு

டெக்கால் இரண்டு நாள் காயட்டும். கிளியரின் முதல் இரண்டு பூச்சும் வெறும் தூவலாக இருக்க வேண்டும். முதலிலேயே ஈரமாக அடித்தால் லாக்கர் டெக்காலைக் கரைத்துச் சுருக்கிவிடும். அதைத் திருத்த வழியே இல்லை. அதன் பிறகு நடுத்தரமாக இரண்டு, ஈரமாக ஒன்று. ஒரு வாரம் காத்திருங்கள். பட்டறைகளில் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே கிளியர் அருமையான மினுக்கம் தரும். ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. தகுந்த முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் வீட்டுக்குள் அடிக்கவே கூடாது.

2000 பேப்பரில் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்டைக் கரடிலிருந்து நைஸுக்கு மூன்று நிலையில் போடுங்கள். மூலை, விளிம்புகளைத் தொடாதீர்கள். அங்கே படலம் மெல்லியது, இரண்டே தேய்ப்பில் பிரைமர் தெரியும். சிலிகோன் கலந்த கார் பாலிஷை வேலை நடக்கும் மேசைக்கே கொண்டுவராதீர்கள். துளி ஒட்டினாலும் அடுத்த பூச்சு அந்த இடத்தில் விலகி, வட்டம் வட்டமாகக் குழி விழும்.

மற்ற பாகங்கள்

சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் காரைக்குடியில் குரோம் என்றதும் எலக்ட்ரோபிளேட்டிங் நினைவு வரும். கிட்டில் வரும் குரோம் அப்படியல்ல, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியப் படலம். ரேஸ் கார் வீலுக்கு அது மிகையாக மினுங்கும். வீட்டு பிளீச்சில் ஊறவைத்தால் கழன்றுவிடும். பிறகு கழுவி உலர்த்தி அலுமினிய நிறம் அடியுங்கள். பிளீச்சோடு அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தைச் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

கார்பன் ஃபைபர் டெக்கால் ஒட்டும் ஆசையில் காலத்தை மறந்துவிடாதீர்கள். கார்பன் ஃபைபர் மோனோகாக் (ஓட்டுநர் உட்காரும் ஒரே கூடான உடற்கட்டு) ஃபார்முலா ஒன்னுக்கு வந்தது 1981இல், மெக்லாரன் எம்பி4/1 காரில். 1978இன் லோட்டஸ் 79 மோனோகாக் அலுமினியம். அதில் நெசவுக்கோடு ஒட்டினால் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

பள்ளக்கோடு இல்லாத ஸ்லிக் டயரின் நடுவில் ஓடும் அச்சுக்கோட்டை 400 பேப்பரில் தேய்த்து எடுங்கள். மினுக்கம் போய், ஓடித் தேய்ந்த ரப்பர் போலவே இருக்கும். சஃபாரி ரேலி கார் கட்டுகிறவர்கள் வாசல் செம்மண்ணை அள்ளித் தூவ நினைக்க வேண்டாம். மணி பெரியது, 1/24இல் சரளைக்கல்லாகத் தெரியும். செங்காவி நிற பாஸ்டல் குச்சியை நைஸாகத் தேய்த்த தூளை, மங்கல் கிளியர் அடித்த கீழ்ப்பகுதியில் பிரஷ்ஷால் தடவுங்கள்.

முடித்த காரை நேர் வெயில் படாத கண்ணாடி அலமாரியில் வையுங்கள். சிவப்பு முதலில் வெளுக்கும். மென்மையான வினைல் டயர் பாலிஸ்டைரீன் மேடையில் நாள்பட நின்றால், டயரின் எண்ணெய் கசிந்து மேடையைக் கரைத்து ஒட்டிக்கொள்ளும். கோடை வெப்பத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். வீல்களை இணைக்கும் அச்சுக்கு அடியில் சிறு கட்டை கொடுத்து, டயர் ஒரு மயிரிழை தூக்கி நிற்கும்படி வைத்துவிடுங்கள்.