அலைடு கெமிஸ்ட்ரிதானே என்று விட்டுவிடாதீர்கள்: பி.எஸ்சி. உயிரியல் முதலாண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது பேட்ச் வந்து உட்கார்ந்த இரண்டு மாதத்துக்குள் என்னென்ன தவறுகள் வரிசையாக வரும் என்று எங்கள் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நாங்கள் படித்த காலத்தில் எங்கள் வகுப்பே சேர்ந்து செய்த அதே தவறுகள்தான், ஆள் மட்டும் மாறியிருக்கிறது. முதலாண்டு விலங்கியல் மாணவர்களுக்கு வகுப்பு ஆசிரியராகப் பல பேட்ச்களைப் பார்த்த பிறகு இதை எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. வகுப்புக்கு ஒழுங்காக வா, தேர்வுக்கு முந்தைய நாள் மட்டும் படிக்காதே போன்றவற்றை வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், பயோடெக் என்று எதில் சேர்ந்திருந்தாலும் கீழே உள்ளவை உங்களுக்குப் பொருந்தும்.

நீட் எழுதப் போகிறேன் என்று முதலாண்டைக் கைவிடுவது

ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருப்பார்கள். உடம்பு இங்கே, மனசு கோச்சிங் சென்டரில். மறுபடி நீட் எழுதுவதில் எந்தத் தவறும் இல்லை, தாராளமாக எழுதுங்கள். ஆனால் "எப்படியும் அடுத்த வருஷம் போய்விடுவேன்" என்று சொல்லிக்கொண்டு இன்டர்னல் தேர்வுகளை எழுதாமல் விடுவதுதான் பிரச்சினை. செமஸ்டர் தேர்வில் தவறினால் திரும்ப எழுதலாம், பெரும்பாலான கல்லூரிகளில் இன்டர்னல் மதிப்பெண்ணைத் திரும்ப வாங்க முடியாது, முதல் முறை என்ன போட்டார்களோ அதுவே கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். 25 இன்டர்னல், 75 எழுத்துத் தேர்வு, மொத்தம் 40 எடுத்தால் தேர்ச்சி என்ற வழக்கமான முறையில் பாருங்கள்: இன்டர்னலில் 20 வைத்திருப்பவர் எழுத்துத் தேர்வில் குறைந்தபட்சமான 30 எடுத்தால் போதும், 4 வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு முறை அரியர் எழுதும்போதும் 36 தேவை. அந்த 6 மதிப்பெண்ணுக்காக ஒரே தாளை மூன்று தடவை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் நீட் மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது. இரண்டாம் செமஸ்டர் தேர்வும் அதே ஏப்ரல், மே மாதங்களில்தான் வரும். இது தெரிந்த விஷயம், ஜூலையிலேயே கணக்குப் போட்டுவிடலாம். போட்டுவிட்டு வகுப்பு ஆசிரியரிடம் வந்து வெளிப்படையாகச் சொல்லுங்கள். யாரும் கடித்துவிட மாட்டார்கள். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போய், அபராதம் கட்டும் நிலையும் தாண்டி, தேர்வே எழுத முடியாது என்று ஆன பிறகு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பதில் யாருக்கும் பயன் இல்லை.

அலைடு கெமிஸ்ட்ரியை ஒதுக்கிவைப்பது

இதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும் என்று இருந்தேன். மற்றத் தவறுகளையெல்லாம் எப்படியோ சரிசெய்துவிடலாம், இது மட்டும் மூன்றாம் ஆண்டில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

பெரும்பாலான கல்லூரிகளில் உயிரியல் மாணவர்களுக்கு முதலாண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ முதன்மைப் பாடமான மேஜருக்குத் துணைப்பாடமாக இரண்டு செமஸ்டர் அலைடு கெமிஸ்ட்ரி உண்டு, கூடவே ஒரு பிராக்டிகல். வகுப்பு எடுப்பவர்கள் வேறு துறை, அறை வேறு கட்டடம், சீனியர்கள் சேர்ந்த முதல் வாரத்திலேயே "அதையெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்டா, மேஜர் மட்டும் பாரு" என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இதைச் சொல்லும் சீனியரும் அப்போது இரண்டு அரியரோடுதான் இருப்பான், அதை மட்டும் சொல்ல மாட்டான்.

ஒரு மாணவியைச் சொல்கிறேன். தாவரவியல். களப்பயணத்துக்குக் கொல்லிமலை போனபோது வழியில் பார்த்த செடிகளில் முக்கால்வாசிக்குக் குடும்பப் பெயரைத் தயங்காமல் சொன்ன பெண், ஹெர்பேரியம் ஷீட் (காயவைத்த செடியைத் தாளில் ஒட்டிய மாதிரி) அவ்வளவு அழகாகச் செய்வாள். மேஜரில் எல்லாத் தாளிலும் நல்ல மதிப்பெண். மூன்றாம் ஆண்டில் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதி வெளிமாநிலத்தில் ஒரு நல்ல பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. சேர்க்கைக்குப் போக ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் ப்ரொவிஷனல் சான்றிதழும் வேண்டும். அவளிடம் முதலாண்டு அலைடு கெமிஸ்ட்ரி முதல் தாளும் பிராக்டிகலும் அரியராக நின்றன. தாளை ஆறாம் செமஸ்டரோடு சேர்த்து எழுதித் தேறிவிட்டாள். பிராக்டிகல் அந்த ஆண்டுக்கு ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது, ஏனென்றால் அவள் படித்த இடத்தில் அது ஆண்டுக்கு ஒரு முறைதான். விண்ணப்பிக்கும் கடைசி நாள் நோட்டீஸ் போர்டில் இருந்திருக்கிறது, அவள் பார்க்கவில்லை, நாங்கள் யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் இல்லை. இடம் போனது. ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு உள்ளூரிலேயே வேறு ஒரு படிப்பில் சேர்ந்தாள்.

டைட்ரேஷன் கற்றுக்கொள்ள முடியாத பெண் இல்லை அவள். பியூரெட் முன்னால் ஒருநாள்கூட ஒழுங்காக நின்று பழகாத பெண், அவ்வளவுதான்.

இதில் துறைகளின் பங்கும் இருக்கிறது. கெமிஸ்ட்ரி துறையில் நடந்த முதல் இன்டர்னலில் எங்கள் பிள்ளைகள் எவ்வளவு எடுத்தார்கள் என்பது பல இடங்களில் செமஸ்டர் முடிந்து மொத்தப் பட்டியல் வரும்போதுதான் வகுப்பு ஆசிரியருக்கே தெரியும். ஆகஸ்டில் தெரிந்தால் ஏதாவது செய்யலாம், டிசம்பரில் தெரிந்து என்ன செய்வது? இப்போது நானே நடந்துபோய் முதல் இன்டர்னல் முடிந்த வாரமே பட்டியலை வாங்கிவந்துவிடுகிறேன். உங்கள் ஆசிரியர் கேட்காவிட்டால் நீங்களே மதிப்பெண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சரி, தேர்ச்சி பெற்றால் போதுமா? போதாது என்றுதான் சொல்வேன். முதல் காரணம், பல பல்கலைக்கழகங்களில் அலைடு மதிப்பெண், பட்டப்படிப்பின் ஐந்து பகுதிகளில் ஒன்றான பகுதி 3-இல் மேஜரோடு சேர்த்தே கணக்கிடப்படுகிறது. எம்.எஸ்சி. சேர்க்கைக்குப் பெரும்பாலும் அந்தப் பகுதி 3 சதவீதத்தைத்தான் பார்ப்பார்கள். மேஜரில் 80 வாங்கி அலைடில் 42 வாங்கினால் சராசரி எங்கே போகும் என்று நீங்களே பாருங்கள்.

இரண்டாவது, நுழைவுத் தேர்வுகள். எம்.டெக். போன்ற மேற்படிப்புகளுக்கான கேட் தேர்வில் உயிர் அறிவியல் தாளில் 100 மதிப்பெண்ணுக்கு 15 பொதுத் திறன், 25 வேதியியல். வேதியியல் கட்டாயம், தவிர்க்கவே முடியாது. மீதி 60-க்குத்தான் உயிர்வேதியியல், தாவரவியல், நுண்ணுயிரியல், விலங்கியல், உணவுத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் இரண்டை நாம் தேர்ந்தெடுக்கிறோம். மூன்றாம் ஆண்டில் படிப்பவர்களும் இதை எழுதலாம். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர நடத்தப்படும் ஜாம் தேர்வின் பயோடெக்னாலஜி தாளிலும் வேதியியல் உண்டு. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் நடக்கும் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வின் உயிர் அறிவியல் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள், முதல் அலகே அணுக்கள், மூலக்கூறுகள், வேதிப் பிணைப்பு, பிஎச், பஃபர் (பிஎச்சை அதிகம் மாறாமல் வைத்திருக்கும் கரைசல்), வினைவேகம், வெப்ப இயக்கவியல்தான். ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளை முதல் அலகையே முதலாண்டில் தூக்கிப்போட்டுவிட்டு நான்கு வருடம் கழித்து அதற்காகத் தனியாக ஒரு கோச்சிங்குக்குப் பணம் கட்டுகிறது.

மூன்றாவது, ஆய்வகம். இது எனக்கு மிக முக்கியம். மூன்றாம் ஆண்டு மாணவரிடம் 0.1 மோலார் சோடியம் குளோரைடு கரைசல் 500 மில்லி தயார்செய்யச் சொன்னால் கால்குலேட்டரைப் பார்த்து முழிப்பார்கள். மூலக்கூறு எடை 58.44, அதில் பத்தில் ஒன்று, அதில் பாதி, 2.92 கிராம். அவ்வளவே. சிலர் எடையைச் சரியாகப் போட்டுவிட்டு 500 மில்லி தண்ணீரை அளந்து அதில் உப்பைக் கொட்டுவார்கள். முதலில் குறைவான தண்ணீரில் கரைத்து, பிறகு 500 வரை நிரப்ப வேண்டும் என்பது வால்யூமெட்ரிக் ஃபிளாஸ்க்கைக் கையில் பிடித்த முதல் வாரத்தில் கெமிஸ்ட்ரி லேபில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பிஎச் 7-க்கு ஏன் பாஸ்பேட் பஃபர், ஏன் அசிடேட் இல்லை என்று கேட்டால் பதில் வராது. பாஸ்பேட்டின் பிகேஏ (அமிலம் பாதி பிரிந்திருக்கும் பிஎச்) 7.2 பக்கம், அசிடேட்டுடையது 4.76. ஒரு பஃபர் தன் பிகேஏவுக்குப் பக்கத்தில்தான் நன்றாக வேலைசெய்யும். என்சைம் வேலை செய்யவில்லை என்று ப்ராஜெக்டில் மூன்று வாரம் தவிப்பவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை என்சைமில் இல்லை, பஃபரில்தான்.

என்ன செய்யலாம்? வாரத்தில் இரண்டு மாலை, தலா ஒரு மணி நேரம், அலைடுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். கார்போஹைட்ரேட், அமினோ அமிலம், குரோமடோகிராபி, வினைவேகம் இவற்றை முதலில் படியுங்கள், இதே பகுதிகள் உயிர்வேதியியலிலும் பயோ இன்ஸ்ட்ருமென்டேஷனிலும் திரும்ப வரும் என்பதால் ஒருமுறை படித்தது இருமுறை உதவும். டைட்ரேஷனில் பக்கத்து மேஜையில் எடுத்த ரீடிங்கை எழுதாதீர்கள், தேர்வில் பக்கத்து மேஜைக்கு வேறு கரைசல் கொடுப்பார்கள். தவறிவிட்டதா? அடுத்த செமஸ்டரிலேயே கட்டணம் கட்டி எழுதிவிடுங்கள். தள்ளிப்போட்டால் இன்னொரு சிக்கலும் வரும்: சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாடத்திட்டம் மாறும், பழைய பாடத்திட்டத்துக்குக் குறிப்பிட்ட வாய்ப்புகள்தான் தருவார்கள், அப்புறம் நீங்கள் படிக்காத ஒரு புதிய தாளை அதற்கு இணையாக எழுத வேண்டியிருக்கும். பிராக்டிகல் அரியர் என்றால் எந்த மாதம் நடக்கும் என்று தேர்வுப் பிரிவில் நேரில் போய்க் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மார்க் வரும் என்று மொழிப்பாடத்தை மாற்றுவது

பகுதி 1-இல் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சோ ஹிந்தியோ எடுத்தால் மதிப்பெண் கொட்டும் என்று யாரோ சொல்லி மாறுகிறார்கள். மாறுவது உங்கள் உரிமை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர் வேறு மொழி எடுத்தால், என்எம்இ (மேஜர் அல்லாத விருப்பப்பாடம்) தாளுக்குப் பதிலாகச் சிறப்புத் தமிழ் எழுத வேண்டியிருக்கும். பள்ளியில் தமிழே படிக்காதவருக்கு அடிப்படைத் தமிழ். இது தெரியாமல் இரண்டாவது மாதத்தில் அலறிக்கொண்டு வருவார்கள். அரசு வேலை மனதில் இருந்தால் இன்னும் யோசியுங்கள், 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு டிஎன்பிஎஸ்சி, டிஆர்பி தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம் ஆகிவிட்டது.

நண்பன் எடுத்தான் என்று என்எம்இ எடுப்பது

வேண்டாம்.

கணக்கு இல்லை என்ற நிம்மதி

பிளஸ் டூவில் கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப்பிலிருந்து வருகிறவர்கள் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள். ஜாம் பயோடெக்னாலஜி தாளில் கணிதமும் இயற்பியலும் வரும், பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் எப்படியும் மேஜரிலேயே வரும், மக்கள்தொகை மரபியலில் ஹார்டி வைன்பெர்க் சமன்பாட்டுக்கு இருபடிச் சமன்பாடு தெரிந்திருக்க வேண்டும். என்எம்இயில் புள்ளியியலோ அடிப்படைக் கணிதமோ கொடுக்கிறார்கள் என்றால் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். சிலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்வேன்.

ரெக்கார்டு

செய்த அன்றே எழுதி அடுத்த வகுப்பில் கையெழுத்து வாங்குங்கள்.

பகுதி 4, பகுதி 5-ஐ மறந்துபோவது

சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, நான் முதல்வன் பாடங்கள், என்எஸ்எஸ் அல்லது என்சிசி. இவை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற நிலையை மாற்றாது என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் இவற்றின் கிரெடிட் குறைந்தால் பட்டம் வராது. ஒரு தாளின் பின்பக்கத்தில் ஐந்து பகுதிகளுக்கும் கிரெடிட்டை எழுதி, முடிக்க முடிக்க அடித்துக்கொண்டே வாருங்கள். அந்தத் தாளை ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் என்னிடம் காட்டச் சொல்வேன், காட்டுபவர்கள் பத்துப் பேர் இருந்தால் பெரிது.

பட்டத்தின் பெயரைப் படிக்காமல் சேர்வது

சேர்ந்த பிறகு இதைச் சொல்வது தாமதம்தான், ஆனால் முதல் சில வாரங்களில் இடம் காலியாக இருந்தால் துறை மாற வாய்ப்புண்டு என்பதால் சொல்கிறேன். பட்டச் சான்றிதழில் விலங்கியல் என்று மட்டும் இருப்பது வேறு, அட்வான்ஸ்டு ஜூவாலஜி அண்ட் பயோடெக்னாலஜி என்று இருப்பது வேறு. பிளான்ட் பயாலஜி அண்ட் பிளான்ட் பயோடெக்னாலஜியும் அப்படித்தான். படிப்பு நல்ல படிப்பு, அதில் குறை இல்லை. அரசுப் பணி அறிவிப்பில் கேட்கும் பட்டத்தின் பெயரும் உங்கள் பட்டத்தின் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டும் இணை என்று உயர்கல்வித் துறையின் அரசாணையைக் காட்ட வேண்டும். உங்கள் படிப்புக்கு, உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அந்த அரசாணை இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் இப்போதே கேளுங்கள். இருந்தால் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு ஒரு நகலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வேலைதான் இலக்கு என்றால் நீங்கள் நினைத்திருக்கும் பி.எட். கல்லூரி எந்த மேஜரை எந்தப் பாடத்துக்கு ஏற்றுக்கொள்கிறது என்பதையும் அதே வாரத்தில் விசாரித்துவிடுங்கள், மைக்ரோபயாலஜி, பயோடெக் மாணவர்கள் முக்கியமாக.