பந்தயத் தடத்தில் சொந்தக் கார்: கிளம்பும் முன் பார்க்க வேண்டிய காப்பீடும் சட்டப் பொறுப்பும்

போட்டியில் கலந்துகொள்ளாமல், கட்டணம் செலுத்திச் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளை ‘டிராக் டே’ என்கிறார்கள். இதற்குப் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, கார் நொறுங்கினால் பணம் கிடைக்குமா என்பதுதான். அந்த நட்டம் எவ்வளவு பெரிதானாலும் காரின் விலையைத் தாண்டாது. மாறாக, நம்மால் இன்னொருவர் ஊனமுற்றாலோ உயிரிழந்தாலோ கோரப்படும் இழப்பீட்டுக்கு அப்படிப்பட்ட வரம்பு பெரும்பாலான நாடுகளில் இல்லை. வீடு, சேமிப்பு, வருங்கால வருமானம் எல்லாம் அதற்கு ஈடாகப் போகலாம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பிறருக்கான பொறுப்பு; கார் அதற்குப் பிறகுதான்.

முதல் வேலை, ஏற்கெனவே வைத்திருக்கும் மோட்டார் காப்பீட்டுப் பத்திரத்தின் விலக்குகள் பகுதியை எழுத்து விடாமல் படிப்பது. விலக்குகள் பொதுவாக இரண்டு விதமாக எழுதப்படுகின்றன. ஒன்று செயலைச் சொல்லும்: பந்தயம், வேகச் சோதனை, அவற்றுக்கான பயிற்சி ஆகியவற்றின்போது காப்பீடு செல்லாது என்று இருக்கும். மற்றொன்று இடத்தைச் சொல்லும்: பந்தயத்துக்கென அமைக்கப்பட்ட வளாகத்துக்குள் நடந்தது எதற்கும் காப்பீடு இல்லை என்று இருக்கும். முதல் வகையில், நேரம் கணக்கிடப்படாத, பயிற்றுநர் உடனிருக்கும் ஓட்டப் பயிற்சி பந்தயம் ஆகாது என்று வாதிட இடமுண்டு. இரண்டாவது வகையில் அந்த வாதத்துக்கே வழியில்லை. எதுவாக இருந்தாலும், தடத்தின் பெயர், தேதி, நேரக் கணக்கு உண்டா இல்லையா என்பவற்றைக் குறிப்பிட்டு, அன்றைக்குப் பொறுப்புக் காப்பீடு (நம்மால் பிறருக்கு நேரும் இழப்பை ஏற்கும் காப்பீடு) செல்லுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெற வேண்டும். தொலைபேசியில் முகவர் தரும் வாய்மொழி உறுதியை நம்பித் தடத்தில் இறங்கக் கூடாது.

கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு தடத்துக்கும் பொருந்துமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல், பண்ணை முற்றத்தில் டிராக்டர் மோதி ஒருவர் ஏணியிலிருந்து விழுந்த ஸ்லோவேனிய வழக்கில், தனியார் நிலத்தில் வாகனத்தை அதன் இயல்பான பணிக்குப் பயன்படுத்துவதும் கட்டாயக் காப்பீட்டுக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. அதன்படி பந்தய வாகனங்களுக்கும் கட்டாயக் காப்பீடு தேவைப்படுமோ என்று மோட்டார் விளையாட்டுத் துறையே கலங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021-ஆம் ஆண்டுத் திருத்த நெறிமுறை, எல்லை வகுக்கப்பட்ட இடத்தில் நடக்கும் மோட்டார் விளையாட்டு நிகழ்வுகளுக்கு, ஏற்பாட்டாளர் மாற்றுக் காப்பீடு வைத்திருந்தால் விலக்களிக்க வழிசெய்தது. எதிர்த்திசை உதாரணம் ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் வடக்குத் தடம். பொதுமக்கள் ஓட்டும் நேரங்களில் அது சட்டப்படி சுங்கக் கட்டணம் வாங்கும் ஒருவழிப் பொதுச் சாலை. சாலை விதிகள் அங்கே பொருந்தும். அப்படியிருந்தும் சில காப்பீட்டுப் பத்திரங்களும் பல வாடகைக் கார் ஒப்பந்தங்களும் அந்தத் தடத்தை விலக்கி வைத்திருக்கின்றன.

அடுத்தது, நுழைவாயிலில் அவசரமாக நீட்டப்படும் பொறுப்புத் துறப்புப் படிவம். அதை முன்கூட்டியே வாங்கி, வீட்டில் அமர்ந்து படியுங்கள். அதில் மூன்று வாக்குறுதிகள் கலந்திருக்கலாம்: நான் வழக்குத் தொடர மாட்டேன், என்னால் ஏற்பாட்டாளர் மீது வழக்கு வந்தால் அந்தச் செலவை நானே ஏற்பேன், தடுப்புச் சுவர், டயர் அரண், எண்ணெய் சிந்திய தளம் ஆகியவற்றைச் சீராக்கும் செலவும் என்னுடையது. இரண்டாவதுதான் அபாயமானது. ஏனெனில் அது ஏற்பாட்டாளரின் சுமையையும் நம் தோளுக்கு மாற்றுகிறது. மோட்டார் காப்பீடு பெரும்பாலும் இப்படி ஒப்பந்தத்தால் ஏற்ற பொறுப்பைத் தாங்குவதில்லை.

கையெழுத்து எல்லாவற்றையும் அடைத்துவிடும் என்று நம்பவும் கூடாது. 2005-இல் கலிஃபோர்னியாவின் ஃபோன்டானா தடத்தில் போர்ஷே கரேரா ஜிடி ஒன்று, தடத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த இன்னொரு காரைத் தவிர்க்க முயன்று சுவரில் மோதியது. ஓட்டியவரும் பயணியும் இறந்தார்கள். பயணி துறப்புப் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தும் வழக்கு வந்தது. இறந்த ஓட்டுநரின் சொத்துக்குப் பொறுப்பானவர்கள், தடத்தின் நிர்வாகம், ஏற்பாட்டாளர், கார் நிறுவனம் ஆகியோருடன், மோதலில் சிக்காத அந்த இன்னொரு காரின் ஓட்டுநரும் எதிர்வாதியானார். இறுதியில் சுமார் 45 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பிரிட்டனின் சட்டமோ, தொழில் நடத்துபவர் தம் கவனக்குறைவால் நேர்ந்த மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் உரிய பொறுப்பை எந்த அறிவிப்பாலும் விலக்கிக்கொள்ள முடியாது என்கிறது. குற்றவியல் வழக்கைத் தனியார் படிவம் எங்குமே தடுக்காது.

தனியாக விற்கப்படும் டிராக் டே காப்பீட்டை வாங்கும்போது அதன் தலைப்பைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். பெரும்பாலானவை நம் காரின் சேதத்தை மட்டும், நாம் முதலில் ஏற்க வேண்டிய தொகையைக் கழித்துக்கொண்டு, ஈடுசெய்பவை. பிறருக்கான பொறுப்பு அதில் இருக்கிறதா, இருந்தால் உச்சவரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் பொறுப்புக் காப்பீடு ஓட்டுநர்களையும் காக்கிறதா, ஓர் ஓட்டுநர் இன்னோர் ஓட்டுநருக்கு இழைத்த காயத்தையும் ஏற்கிறதா? பல பத்திரங்கள் பார்வையாளர்களைக் காக்கும். பங்கேற்பாளர்களுக்கிடையே நடப்பதை விலக்கும். ஆயுள், மருத்துவ, விபத்துக் காப்பீடுகளிலும் மோட்டார் விளையாட்டு விலக்கு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

பயணியை ஏற்றுவதும், காரை நண்பருக்குக் கொடுப்பதும், இரவல் காரை ஓட்டுவதும் பொறுப்பைப் பல மடங்காக்குகின்றன. பொறுப்புக் காப்பீடு உறுதியாகாதவரை இவற்றைத் தவிர்ப்பதே என் பரிந்துரை.

தடத்துக்கே இயல்பான ஆபத்தைப் பங்கேற்பாளர் அறிந்தே ஏற்றார் என்ற வாதம் பல நாடுகளில் எடுபடும். தேய்ந்த பிரேக்கும், ஆபத்தை எச்சரித்து முந்துவதைத் தடுக்கும் மஞ்சள் கொடியின்போது முந்திச் செல்வதும் அந்த இயல்பான ஆபத்துக்குள் அடங்கா. பிரேக் எண்ணெய் மாற்றிய ரசீது, டயரின் தயாரிப்பு வாரம், வாகனப் பரிசோதனைப் படிவத்தின் நகல் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். காரின் கேமராப் பதிவும் சுற்று நேரக் கருவியும் இருமுனைக் கத்திதான்: தவறில்லை என்று காட்டவும் உதவும், நேரத்தோடு போட்டியிட்டார் என்று நிறுவவும் உதவும். சில ஏற்பாட்டாளர்கள் நேரம் எடுப்பதையே தடைசெய்வது இதனால்தான்.

விபத்து நடந்துவிட்டால், காயமுற்றவர்களுக்கு உதவி கிடைத்த பிறகு படங்கள் எடுத்து, சாட்சிகளின் பெயர்களையும் தட அலுவலரின் அறிக்கை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள். தவறு யாருடையது என்ற தீர்ப்பை அங்கேயே வழங்க வேண்டாம். கேமராப் பதிவை அழிக்காதீர்கள். ஆதாரத்தை அழித்ததாக அது பின்னர் உங்களுக்கு எதிராகவே எழும். பத்திரம் குறிப்பிடும் கெடுவுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். தடத்தில் நொறுங்கிய காரைச் சாலையில் நொறுங்கியதாகச் சொல்வது காப்பீட்டு மோசடி. அதற்குச் சிறைத் தண்டனையும் நேரலாம். அடிபட்ட கார் நகர்கிறது என்பதற்காக அதை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பாமல் இழுவை வண்டியில் ஏற்றுங்கள். வாயிலைத் தாண்டியதும் சாலைக் காப்பீடு மீண்டும் நடைமுறைக்கு வந்தாலும், சாலைக்குத் தகுதியற்ற வாகனத்தை ஓட்டினார் என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் கைவிரிக்கலாம்.