தியலும அருவிக்கு ஆகஸ்டில் டிக்கெட் போடுகிறவர்களுக்கு

தொப்பி, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு ஜூலையிலும் பெங்களூரில் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் யாராவது ஒரு தம்பி, "அண்ணா, ஆகஸ்ட் 15 லீவுக்கு இலங்கை போறோம், தியலும பார்க்க" என்பான். நாங்கள் அந்த வயதில் போட்ட அதே திட்டம். இப்படிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள் கீழே.

மழைக்காலம் எங்கும் ஒன்று என்று நினைப்பது

நமக்கு அருவி என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கர்நாடகத்தில் ஜோக் அருவி நிரம்புவதும் குற்றாலத்தில் சாரல் அடிப்பதும் அப்போதுதான். இலங்கையிலும் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை உண்டு, ஆனால் அது கொட்டுவது மலைநாட்டின் மேற்குச் சரிவில். தியலும இருப்பது பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை பக்கம், மலைக்கு அந்தப்புறம். மழையை மேற்கிலேயே இறக்கிவிட்டுக் காற்று அங்கே வறண்டுதான் வரும். கர்நாடகத்தில் மலைமேல் ஆகும்பே நனையும்போது, மலைக்குக் கிழக்கே சித்ரதுர்கா காய்வதில்லையா, அதே கதை.

இதைச் சொன்னால் கேட்பதில்லை. "ரீல்ஸ்ல பாருங்கண்ணா, எவ்ளோ தண்ணி!" ரீல்ஸில் எந்த மாதம் எடுத்தது என்றா போட்டிருப்பார்கள்? இப்படிப் போன ஒரு கோஷ்டி, விடுமுறை விலையில் டிக்கெட் வாங்கி, கொழும்பிலிருந்து ஐந்தாறு மணி நேரம் வேனில் முதுகு நோக உட்கார்ந்து போய், 220 மீட்டர் பாறையில் நூல் மாதிரி வழிந்த தண்ணீரைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார்கள். கூடவே ஒரு கேள்வி: "மேலே டேமை மூடிட்டாங்களா?"

பதுளை இருக்கும் ஊவா மாகாணத்தில் நல்ல மழை அக்டோபரில் பிடித்து, வடகிழக்குப் பருவத்தோடு ஜனவரி வரை போகும். பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் லீவு சேர்த்துப் போங்கள். ஆகஸ்டை விட்டால் லீவே கிடையாதா? சரி, தலவாக்கலை பக்கம் டெவன் அருவியைப் பாருங்கள். 97 மீட்டர், மேற்குச் சரிவு, ரோட்டிலிருந்தே தெரியும்.

அடிவாரத்திலிருந்து ஏறுவது

அருவியின் அடிவாரம் நெடுஞ்சாலையிலேயே இருப்பதால், அங்கேயே இறங்கி, அருவியின் உச்சியில் இருக்கும் மேல்குளங்களுக்கு ஏறிவிடலாம் என்று தோன்றும். செங்குத்தான ஏற்றம், பாதி வழியில் மூச்சு வாங்கும். பூனாகலை ரோட்டில் மக்கல்தெனிய வரை வண்டியில் போய், அங்கிருந்து நடந்தால் எளிது. வழி கேட்கத் தயங்காதீர்கள், சுற்றிலும் தோட்டங்களில் மலையகத் தமிழர்கள் இருக்கிறார்கள்.

விளிம்பில் செல்ஃபி

வேண்டாம். பாறை வழுக்கும், கீழே 220 மீட்டர்.

அடைமழையில் கிளம்புவது

2014 அக்டோபர் 29 அன்று இதே கொஸ்லந்தையில், மீரியபெத்தை தோட்டத்து லயன் வீடுகள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்சரிவில் புதைந்தன. அக்டோபர், நவம்பரில் போகிறவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எச்சரிக்கை இருந்தால், ஓட்டல் முன்பணம் போனாலும் போகட்டும்.

எல்ல பக்கம் ராவணா அருவியிலும் நின்றால், பையைத் திறந்து வைப்பது

குரங்குகள்.