விற்பனை எண்ணிக்கையை இலக்குப் பட்டியலிலிருந்து தூக்கினேன்

"இந்த வருஷம் என் புத்தகங்கள் இத்தனை பிரதி விற்கணும்" என்று ஜனவரியில் எழுதி வைப்பேன். மார்ச் வந்தால் அந்தப் பட்டியல் பக்கம் போகவே பிடிக்காது. யார் எப்போது வாங்குவார்கள் என்பது என் கையிலா இருக்கிறது? அமேசான் தரவரிசை இன்னும் மோசம். மற்ற புத்தகங்களோடு ஒப்பிட்டுப் போடுவதால், என் விற்பனை அப்படியே இருந்தாலும் வரிசையில் இறங்கிவிடும்.

சரி, என்னால் செய்ய முடிகிற வேலைகளையே இலக்காக்கினேன். "10 மதிப்புரை வாங்க வேண்டும்" என்பதை அடித்துவிட்டு, "மாதம் இரண்டு பேருக்கு, அவர்கள் ஏற்கெனவே எழுதிய மதிப்புரைகளைப் படித்துவிட்டு, பிரதி அனுப்பிக் கேட்பது" என்று மாற்றினேன். பதில் வராவிட்டாலும் அந்த மாத வேலை முடிந்தது.

அதிகம் பலன் தந்தது பழைய புத்தகங்களைத் தூசி தட்டியதுதான். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் பதிப்பிக்கும்போது, வாசகர் தேடும் சொற்களை நாம் எழுதிக் கொடுக்க 7 தேடுசொல் பெட்டிகள் தருவார்கள். அதில் 'நாவல்', 'மர்மம்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருந்தேன். 'மருத்துவமனையில் நடக்கும் மர்மக் கதை' என்று வாசகர் தட்டச்சு செய்யக்கூடிய மாதிரி திருத்தினேன். புத்தக அறிமுகத்தின் முதல் இரண்டு வரிகளையும் புதிதாக எழுதினேன். முதலில் கண்ணில் படுவது அதுதானே!

சமூக ஊடகம்? ஒன்றே போதும், அதுவும் பிடித்தால்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலை எடுத்து, ஒத்துவராததைத் தயங்காமல் வெட்டுகிறேன். விற்பனைக் கணக்கையும் அப்போதுதான் பார்ப்பது. தினமும் திறந்து பார்க்கும் பழக்கம் போயே போய்விட்டது.