பத்திரம் போட்டாச்சு, சாவி வரல: நடுவில் வீடு சேதமானால் யார் பொறுப்பு?

சாவி வாங்கிக் கதவைத் திறந்த அன்று ஹால் சுவரில் பெயின்ட் கொப்புளம் போட்டிருந்தது. விரல் பட்டதும் உடைந்து தண்ணீர் வழிந்தது. பாத்ரூம் குழாய் ஜாயின்ட் சுவருக்குள்ளேயே கசிந்திருக்கிறது, ஹால் அலமாரியின் அடிப்பலகை ஊறி உப்பிப் போயிருந்தது. அதற்கு 12 நாள் முன்பே பத்திரம் பதிவாகிவிட்டது. "கொஞ்ச நாள் இருந்துட்டுக் காலி பண்றோம் தம்பி" என்று விற்றவர் கேட்டார், நானும் பெருந்தன்மையாகச் சரி என்றிருந்தேன். இப்போது போன் பண்ணினால், "பத்திரம் உங்க பேருக்கு வந்தாச்சே, இனி உங்க வீடுதானே" என்கிறார். கொதித்துப் போய் வக்கீலிடம் ஓடினேன். அவர் பாதிக்கு மேல் விற்றவர் பக்கமே பேசினார்.

அன்று கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். பழைய வீடோ ஃபிளாட்டோ தனி ஆளிடமிருந்து வாங்குபவர்களுக்கு இது. வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் எல்லாம் பார்த்திருப்பீர்கள், அதற்குள் போகவில்லை.

முதல் வேலை: மூன்று தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒப்பந்தம் போட்ட நாள், கிரயப் பத்திரம் நடக்கும் நாள், சாவி கைக்கு வரும் நாள். நான் சறுக்கியது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், அதனால் இதில் கொஞ்சம் நின்று போகலாம்.

சட்டம் 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டம். அதன் 54-ஆம் பிரிவுப்படி வெறும் விற்பனை ஒப்பந்தம் சொத்தில் உங்களுக்கு எந்த உரிமையையும் கொடுத்துவிடாது. ஆக, கிரயம் முடியும் வரை தீப்பிடித்தாலும் வெள்ளம் புகுந்தாலும் நஷ்டம் உரிமையாளருக்கு, அதாவது விற்பவருக்கு. (இணையத்தில் தேடினால் ஒப்பந்தம் போட்டதுமே பொறுப்பு வாங்குபவருக்கு வந்துவிடும் என்று சில கட்டுரைகள் பயமுறுத்தும். அது இங்கிலாந்தின் பழைய வழக்கம், நமக்கு இல்லை.) கிரயம் முடிந்து உரிமை உங்களுக்கு வந்த பிறகு, விற்றவர் காரணமாக இல்லாமல் வரும் சேதம் உங்கள் தலையில். 55(5)(இ) பிரிவில், ஆங்கில வரிசைப்படி 'சி' என்ற உட்பிரிவில், இது இருக்கிறது. அங்கே சாவியைப் பற்றிப் பேச்சே இல்லை. சாவி வாங்காத வரை நம் வீடு இல்லை என்று நான் நினைத்தது தப்பு.

ஆனால் விற்றவர் முழுசாகத் தப்பிக்கவும் முடியாது. அதே 55-இன் முதல் உட்பிரிவில் இன்னொன்று இருக்கிறது: ஒப்பந்த நாளிலிருந்து வீட்டை ஒப்படைக்கும் நாள் வரை, பொறுப்புள்ள ஒரு சொந்தக்காரர் பார்த்துக்கொள்வது போல வீட்டை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சுருக்கமாக, அந்த இடைவெளியில் இடி விழுந்தால் உங்களுடையது, கசிவு தெரிந்தும் அவர் கண்டுகொள்ளாமல் விட்டால் அவருடையது. என் விஷயத்தில் பக்கத்து வீட்டம்மா, "ஈரம் ஒரு வாரமாவே தெரிஞ்சுதே, அவங்ககிட்டயும் சொன்னேனே" என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. கடைசியில் செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம்.

சரி, இரண்டாவது வேலை. 55-ஆம் பிரிவு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மட்டும்தான் பொருந்தும். அப்படியானால் ஒப்பந்தத்தில் நாமே எழுதிக்கொள்ளலாம். கிட்டத்தட்ட இப்படி: "சாவி ஒப்படைக்கும் வரை எந்தக் காரணத்தால் சேதம் ஏற்பட்டாலும் விற்பவரே பொறுப்பு. அவர் சரிசெய்து தர வேண்டும், இல்லையேல் அந்தச் செலவை மீதித் தொகையில் கழித்துக்கொள்ளலாம். குடியிருக்க முடியாத அளவுக்குச் சேதமானால் வாங்குபவர் விலகி முன்பணத்தை முழுசாகத் திரும்பப் பெறலாம்." வார்த்தைகளை உங்கள் வக்கீல் சீராக்கட்டும். என்னைக் கேட்டால் இதைவிட நல்லது, பதிவும் சாவியும் ஒரே நாளில் முடிவது. "பத்து நாள்" என்று கேட்டால் பதிவையே பத்து நாள் தள்ளுங்கள்.

மூன்றாவது, ஒப்பந்தத்துக்கு முன்பே வீட்டைப் படம் எடுப்பது. இதற்கென்று ஆப் எல்லாம் வேண்டாம், போன் கேமராவும் ஒரு டார்ச்சும் போதும். டார்ச்சைச் சுவருக்கு நேராக அடிக்காமல் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள், மேடு பள்ளம், ஈரம், பட்டி பார்த்து மறைத்த இடம் எல்லாம் நிழலாகத் தெரியும். விரிசல் இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிப் படம் எடுங்கள் (அவரிடம் சொல்லிவிட்டுத்தான்). அப்புறம் கோட்டைத் தாண்டி விரிசல் ஓடியிருந்தால் வாதமே வேண்டாம். டைல்ஸை நாணயத்தால் தட்டினால் பொள்ளென்று கேட்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அன்றைக்கே அவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் படம் சுருங்கி விரிசல் காணாமல் போகும்.

நான்காவது, காப்பீடு. விற்பவருடைய பாலிசி தானாக உங்களுக்கு மாறாது. உங்கள் பாலிசி சாவி நாளில் இல்லாமல் பதிவு நாளிலேயே தொடங்கட்டும். 2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசி இருக்கிறது. தீ, வெள்ளம், நிலநடுக்கத்தோடு தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பதும் அதில் வரும். ஆனால் நாள்பட்ட தேய்மானம் வராது, என்னுடையது போல மெல்லக் கசிந்ததற்குப் பணம் வாங்குவது கஷ்டம்.

ஐந்தாவது, பதிவு நாள் காலையில், சார்பதிவாளர் அலுவலகம் போகும் முன் வீட்டுக்குள் ஒரு சுற்று. எல்லாக் குழாயையும் திறந்து விட்டு, பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். புதுச் சேதம் இருந்தால் அங்கேயே படம் எடுத்து எழுத்தில் அனுப்புங்கள், கொத்தனாரிடமோ பிளம்பரிடமோ செலவு எழுதி வாங்குங்கள், தொகை முடிவாகாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மீதிப் பணம் கைமாறிவிட்டால் அப்புறம் நீங்கள்தான் பின்னால் அலைய வேண்டும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டார்கள், வங்கிக் கடன் என்றால் எப்படிக் கழிப்பது என்று. வங்கி டிடியை நேராக விற்பவர் பெயரில் எடுத்துவிடும், அதில் கை வைக்க முடியாது. அதனால் உங்கள் கைப்பணப் பங்கை முழுவதும் அட்வான்ஸாகவே கொடுத்துத் தீர்த்துவிடாமல், கொஞ்சத்தைப் பதிவு நாளுக்கு மிச்சம் வையுங்கள், கழிப்பதை அதில் கழிக்கலாம். பில்டரிடம் புது ஃபிளாட் வாங்குபவர்களுக்குக் கணக்கு வேறு. 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டியது பில்டர்.